ஓடையை நிறுத்தி வைத்தவர்

அவர் குழாயை மூடும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். எல்லோரும் தண்ணீர் நிற்கும்வரை திருகுவார்கள். அவர் நின்ற பிறகும் திருகுவார். இடது கையைச் சுவரில் ஊன்றி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, குழாயின் கழுத்து முறிந்துவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படும் அளவுக்குத் திருகுவார். பிறகு அடியில் உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். சொட்டு விழவில்லை என்று உறுதியான பிறகுதான் நகர்வார். அவர் மூடிய குழாயை என்னால் திறக்க முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் போராடிவிட்டுக் கடைசியில் அவரையே கூப்பிடுவேன்.

"சோறுதான கண்ணு திங்கற?" என்று கேட்டுக்கொண்டே வந்து திறந்துவிடுவார். "போதும்னா சொல்லு. உட்டாப் போயிரும்."

உட்டாப் போயிரும் என்பதை அவர் தண்ணீருக்கு மட்டும் சொல்லவில்லை. பால் பொங்கும்போது சொல்வார், கன்றுக்குட்டியின் கயிறு தளர்ந்தால் சொல்வார், வெளியூர் போகிறவர்களைப் பார்த்தும் சொல்வார்.

அவர் எங்கள் வீட்டுக்காரம்மா. என் அம்மாவைவிட மூத்தவர். முதல் நாள் 'அம்மா' என்று கூப்பிட்டதற்கு, "அக்கான்னே கூப்புடு கண்ணு, அம்மான்னா கெழவியாட்டம் இருக்குது" என்றார். ராசிபுரத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில், ஊருக்குச் சற்று வெளியே அவருடைய தென்னந்தோப்பு. தோப்புக்குள் அவருடைய மாடி வீடு. அதற்குப் பின்னால், தாழ்வான இடத்தில், வரிசையாகச் சில வாடகை வீடுகள். கடைசி வீட்டில் நாங்கள் இருந்தோம். மற்றவை மரவள்ளி அறுவடைக் காலத்தில் ஜவ்வரிசி ஆலை வேலைக்கு வருகிறவர்களுக்காக. மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும்.

நாங்கள் என்றால் நானும் என் மகள் இனியாவும். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. என் கணவர் போர்வெல் வண்டியில் மேனேஜர். வண்டி சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருந்தது, அவரும் மாதக்கணக்கில் அங்கேதான். அந்த வீட்டை அவர்தான் பிடித்தார். "தண்ணிக் கஷ்டம் இல்லாத வீடு. வீட்டுக்காரம்மா பக்கத்துலயே இருக்காங்க. உனக்குப் பயமில்ல" என்றார். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, வெறும் புழுதி வந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவருக்கு, எப்போதும் தண்ணீர் வரும் குழாய் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன். நான் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன். சொன்ன பிறகு யோசிப்பேன்.

குழாயில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் எங்கள் பின்வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மலையில் பெய்யும் மழை இறங்கி முதலில் மேலேரிக்கு வரும். அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓர் ஓடையில் விழுந்து, அக்காவின் தோப்பை ஒட்டிப் போய்க் கீழேரியில் சேரும். கீழேரி நிரம்பினால் அதற்கும் கீழே வேறொரு ஏரி. அப்படி ஏரி ஏரியாக இறங்கி, நல்ல மழை பெய்த வருடத்தில் கடைசிச் சொட்டு காவிரிக்குப் போகும். அந்த ஓடையின் குறுக்கே, தோப்பு முடிகிற இடத்தில், அக்கா ஓர் அணை போட்டிருந்தார். அடியில் கல், மேலே மண் நிரப்பிய சாக்குகள், இடுக்குகளில் யாரோ கட்சிக்காரர்களின் பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள். ஓடை அங்கே நின்று, நீளமான குளம்போலப் பின்வாங்கி எங்கள் வீட்டுச் சுவர் வரை வந்திருந்தது. அக்காவின் கிணறு அந்தக் குளத்தைக் குடித்துத்தான் ஊறியது. எங்கள் குழாயும்.

நான் குடியேறிய வாரமே எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. மேலேரி வழிந்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? முன்னால் அணை, ஒரு பக்கம் தோப்பின் மேடு, இன்னொரு பக்கம் சாலையின் மேடு. மிச்சமிருப்பது என் பின்வாசல்தான். இனியா அப்போதுதான் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். கதவு திறந்திருந்தால் பின்பக்கம்தான் ஓடுவாள்.

கணவரிடம் போனில் சொன்னேன். "அத்தனை வருஷமா இருக்கறவங்களுக்குத் தெரியாதா? அனுசரிச்சுப் போ" என்றார். எனக்கே நான் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று தோன்றியது. என் அம்மாவும் அதையே சொல்வார். கொசுவர்த்தி வைத்தால் புகைக்குப் பயப்படுவேன், வைக்காவிட்டால் கொசுவுக்கு. இப்படிப்பட்டவள் ஓர் அணையைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஆனால் அக்காவைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இனியாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில், நான் மாத்திரையா மருத்துவமனையா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவர் மொபெட்டை எடுத்துவிட்டார். "ஏறு. அப்பறமா யோசிச்சுக்கலாம்." நாமக்கல் ஆஸ்பத்திரியில் அன்று முழுவதும் குழந்தை அவர் மடியில்தான் இருந்தாள். ஊசி போடும்போதும் தரவில்லை. நர்ஸ், "குழந்தையோட அம்மா யாருங்க?" என்று கேட்டதற்கு என்னைக் கண்ணால் காட்டிவிட்டு, பிடியைத் தளர்த்தாமலே உட்கார்ந்திருந்தார். இனியா அழுதது ஊசிக்கா அந்தப் பிடிக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. திரும்பி வரும்போது, "புள்ளையத் தூக்குனா கீழ உளாத மாதிரி தூக்கோணும் கண்ணு. நீ பூவாட்டம் புடிக்கற" என்றார்.

மழை பொய்த்த வருடங்களை அவர் அடிக்கடி சொல்வார். கிணற்றின் அடிப்பாறை தெரிந்ததாம். தென்னைகள் கொண்டை சாய்ந்து ஒவ்வொன்றாக விழுந்தனவாம். போர் போட்டுப் பார்த்தார்கள், போட்ட இடமெல்லாம் புழுதிதான் வந்தது. "மரம் உளுகற சத்தம் கேட்டிருக்கறயா? ஊட்டுக்குள்ள படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். அடுத்து மழை பெய்தபோது அதே ஓடையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. காய்ந்த தோப்பில் நின்று அதைப் பார்த்தாராம். "என்ற கண்ணு முன்னாலயே போச்சு. ஒரு வார்த்த சொல்லாமப் போச்சு." அன்றுதான் முதல் கல்லைப் போட்டிருக்கிறார்.

பொய்த்துப்போன அந்தப் போர்களில் ஒன்றை அவர் சும்மா விடவில்லை. குளத்துத் தண்ணீரை வலை கட்டிய சிறு வாய்க்கால் வழியாக அதற்குள் இறக்கினார். சாயங்காலங்களில் இரும்புக் குழாயின் வாயில் காது வைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆழத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இனியாவின் காதையும் அதில் வைத்து, "குடிக்குது கேளு சாமி. தாகம்" என்பார். பெட்டிக்குள் நகையை எடுத்து வைப்பதுபோல அவர் பூமிக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டிக்கு அடி இல்லை என்று அவருக்குத் தெரியவந்தது மீன் பாய் மூலம். கீழேரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் அவர். ராசிபுரத்துக்காரர். கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டே பேசுவார். ஒருநாள் வந்து, "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுதுங்க. நீங்க போர்ல எறக்குற தண்ணி சாலைக்கு அந்தாண்ட கெணத்துல ஊறுதாம். அந்தாளு ரெண்டு போகம் வெச்சுட்டாரு" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் குழாயின் வாயில் ஒரு பெரிய கல். "நான் ஊத்தறது, அவன் எறைக்கறதா?" என்றார். ஆனால் மூடிவிட்டும் அவரால் இருக்க முடியவில்லை. வெயில் அடித்தது. குளத்து மட்டம் இறங்குவதைப் பார்த்தார். மூடினால் வெயில் குடிக்கிறது, திறந்தால் சாலைக்கு அப்பால் குடிக்கிறார்கள். அன்று முழுவதும் அந்தக் கல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

நான் விலங்கியல் படித்தவள், பி.எட். முடித்தவள். ஓடும் தண்ணீர் காற்றைக் கலந்துகொண்டு போகும், தேங்கிய தண்ணீருக்கு மூச்சு முட்டும் என்றெல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த வீட்டின் பின்வாசலில் அது என் கண் முன்னால் நடந்தது. மாசியில் குளம் தெளிவாகத்தான் இருந்தது. தட்டான்கள் வரும், மீன்கொத்தி வரும். இனியாவைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டுவேன். எங்கள் இருவருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. பங்குனி முடிவதற்குள் பச்சை படர்ந்தது, அப்புறம் வாடை. ஒரு விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறியபோது பல மல்லாந்துவிட்டன. அக்கா கூடை கூடையாக அள்ளித் தென்னை அடியில் புதைத்தார்.

"தண்ணி ஓடியிருந்தா செத்திருக்காதுங்க்கா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"ஓடியிருந்தா மீனே போயிருக்கும் கண்ணு. இப்பப் பாரு, மரத்துக்காச்சும் ஆச்சு" என்றார்.

மீன்கள் செத்த பிறகு கொசு பெருகியது. ஜன்னல்களை அடைத்தேன். பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு கயிறு. முன்பக்கம் போனால் தோப்பின் இரும்புக் கேட். இருட்டுவதற்கு முன்பே அதைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார் அக்கா. ஆத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டால், "இந்த வெயில்லயா? பஸ்ஸுல புள்ள வதங்கிப் போயிரும். அம்மாவ இங்க வரச்சொல்லு" என்பார். அதில் தப்பு எதுவும் இருக்காது. வெயில் உண்மைதான், பஸ்ஸும் உண்மைதான். பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைப்பேன். தன் மகனைச் சேலத்தில் கல்லூரி விடுதியில்கூட விடாமல் தினமும் வீட்டிலிருந்தே போய்வர வைத்தவர் அவர். அந்த மகன் இப்போது துபாயில். கேட்டால், "லீவு கெடைக்கலயாம்" என்பார். எந்த வருடத்து லீவு என்று நான் கேட்கவில்லை.

ஆடியில் சாக்குகளை இன்னும் உயர்த்தினார். நான்தான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன், அவர் மண்வெட்டியால் அள்ளிப் போட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். போனதும் கையில் சாக்கைக் கொடுத்துவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்து பார்த்தார். ஓடையை அடைக்கக் கூடாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

பாயும் அந்த வாரத்தில் வந்தார். இந்த முறை சாவியைச் சுழற்றவில்லை.

"அக்கா, ஒரு சாக்கு அளவுக்காச்சும் எறக்குங்க. ஏரியில மீனு சேத்துக்குள்ள படுத்துக்கிட்டு வானத்தப் பாக்குது."

"பாக்கட்டும் பாய். வானத்துலருந்துதான தண்ணி வருது. என்றகிட்ட எதுக்கு வாரீங்க?"

"வானத்துலருந்து வர்றத வழியில புடிச்சுக்கறீங்களே."

"என்ற காட்டுல வந்து நிக்குது. நானா போயி இழுத்துட்டு வந்தேன்?"

"வந்து நிக்கலீங்க்கா. நிறுத்தி வெச்சிருக்கீங்க." அவர் என் வீட்டைப் பார்த்தார். "மழ புடிச்சா இந்தப் புள்ளைங்க ஊட்டுக்குள்ளதான் மொதல்ல வரும். அதையாச்சும் நெனச்சுப் பாருங்க."

"அது என்ற ஊடு பாய். என்ற புள்ளைங்க. எனக்குத் தெரியாதா? மோர் குடிங்க. உப்பு போதுமா?"

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார். "மோர்லகூடத் தண்ணிய உட மாட்டேங்கறீங்களேக்கா" என்றார். அக்காவும் சிரித்தார், நானும் சிரித்தேன். என் வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் முடிந்ததும் அவ்வளவுதான்.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. குழாயை நிறுத்தவில்லை. அதே அணையை, முன்பிருந்ததைவிடத் தணிவாக, தானே மறுபடி எடுத்துக் கட்டினார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தை மாதம் என் கணவர் வந்து ஆத்தூரில் வீடு பார்த்தார். சாமான் ஏற்ற டெம்போ வந்து நின்ற காலையில் கேட் சாவியைக் காணவில்லை. தோப்பெல்லாம் தேடினோம். அக்காவும் எங்களோடு சேர்ந்து தேடினார், மாட்டுத் தொட்டிக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை எங்களுக்கு அவரே போட்ட பிறகு, இடுப்புப் பையிலேயே இருந்ததாகச் சொல்லி எடுத்துத் தந்தார். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அக்கா அந்தப் பையிலிருந்து வெற்றிலை எடுப்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன்.

இனி அந்த நாள்.

எங்கள் பக்கம் தூறல்தான். ஆனால் மலை தெரியவில்லை. காலையிலிருந்தே அந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. மத்தியானம் இனியாவைக் குளிப்பாட்டக் குளியலறைக்குப் போனேன். தண்ணீர் வெளியேறும் ஓட்டையிலிருந்து கொப்புளம் கொப்புளமாக ஏதோ வந்தது. ஊற்றிய தண்ணீர் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். நான் இன்னும் ஊற்றவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பழுப்புத் தண்ணீர் குளிராக என் பாதத்தைத் தொட்டது. இனியா அதில் தட்தட்டென்று மிதித்துச் சிரித்தாள்.

கணவருக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா அணைமேல் நின்றிருந்தார். சாக்கை மழைக்குக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். மேலேரி வழிய ஆரம்பித்திருந்தது. குளம் அகலமாகிக் கலங்கிச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்ப் பக்கத்தில், ஓடைக்கு வெளியே கரையில், பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நாங் கை வெச்சா கேஸு ஆயிரும். நீங்களே எறக்குங்க. உங்க கால்ல வேணும்னாலும் உளுகறேன்" என்றார்.

அக்கா குனிந்து அணையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

சாக்குகளின் இடுக்கிலிருந்து கசிந்த தண்ணீரும் வயல்களிலிருந்து வடிந்த தண்ணீரும் சேர்ந்து, கீழ்ப்பக்க ஓடையில் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது முழுக்க மீன்கள். கெண்டை, கெளுத்தி, கறுத்த முதுகோடு குறவை. எல்லாவற்றின் தலையும் எங்களைப் பார்த்தே இருந்தது. ஒன்று எம்பிச் சாக்கில் மோதி விழுந்தது. உடனே இன்னொன்று. விழுந்தது திரும்பிப் போகவில்லை, கொஞ்சம் பின்வாங்கி மறுபடி எம்பியது.

"எங்கிருந்து பாய் வருது இது?" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

"கீழேரியிலருந்துங்க்கா. புதுத் தண்ணி வாசம் புடிச்சு ஏறுது. வயித்துல முட்ட. மேல போயிப் புல்லு மூழ்கின எடத்துல வெச்சாத்தான் குஞ்சு பொழைக்கும்."

"கீழேரி காஞ்சு போச்சுன்னீங்க?"

"முழுசாக் காயலீங்க. சேத்துக்குள்ள கெடந்துச்சு. இப்ப எந்திரிச்சு வருது."

அக்கா கொங்காடையைத் தூக்கி எறிந்தார். அணையின் கீழ்ச்சரிவில் இறங்கினார். எனக்கு உயிர் வந்தது; சாக்கை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரில் இரண்டு கையையும் விட்டு ஒரு கெண்டையைப் பிடித்தார். வயிறு புடைத்த பெரிய கெண்டை. அதை மார்போடு அணைத்துத் தூக்கி, அணைக்கு மேலாகத் தன் குளத்துக்குள் விட்டார். பிறகு இன்னொன்று. "வா சாமி. ஏன் அடிச்சுக்கற, வா" என்று பேசிப் பேசி எடுத்துப் போட்டார். வழுக்கி விழுந்ததைத் துரத்திப் பிடித்தார். சேலை முழுக்கச் செதிலும் சேறும். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இனியா கை தட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். என் பின்வாசல் படி தெரியவில்லை.

"அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுதுங்க."

"தெரியும் கண்ணு." அவர் நிமிரவில்லை. "பாத்தரம் பண்டமெல்லாம் அட்டாலி மேல வெச்சுட்டு என்ற ஊட்டுக்கு வந்துரு. மாடி ரூமு சும்மாதான கெடக்குது. எத்தன நாளு வேணாலும் இரு. இங்கயே இரு."

அவர் மனதாரத்தான் சொன்னார். மாடி அறை உலர்ந்திருக்கும், வேளைக்குச் சோறு வரும், குழந்தைக்குப் பால் வரும். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும். அதுவும் போகாது, நாங்களும் போகமாட்டோம். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீடு மூழ்குவது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் அவரிடம் ஓர் ஏற்பாடு இருந்தது.

நான் சரிவில் இரண்டடி இறங்கினேன். மற்றதற்கெல்லாம் யோசிக்கிற அளவுக்கு அன்று யோசிக்கவில்லை.

"இவளைக் கொஞ்சம் பிடிங்க்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த மீனைக் கீழே விட்டார். இனியாவை வாங்கினார். வாங்கிய உடனே வழக்கம்போல ஒரு கை முதுகுக்கும் ஒரு கை தொடைக்குமாகப் பூட்டிக்கொண்டார். மேலேறி அணையின் சமதளத்தில் காலை ஊன்றி நின்றார். நான் அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் ஆழத் தண்ணீர், மறுபக்கம் ஓடை. என் மகளை நான் யாரிடமும் அப்படிக் கொடுத்ததில்லை. என் கணவரிடம் கொடுக்கும்போதுகூட, "பாத்து" என்பேன். அக்காவிடம் சொல்லத் தேவையில்லை.

ஓரத்துச் சாக்கின் காதைப் பிடித்து இழுத்தேன்.

"கண்ணு. தொடாத."

சாக்கு அசையவில்லை. ஈரமண் கல்லாக இறுகியிருந்தது.

"தொடாதங்கறேன்ல. என்ற கெணறு போயிரும். மரமெல்லாம் போயிரும் கண்ணு." அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். மண் சறுக்கியது. உடனே நின்றுவிட்டார், குழந்தையை இன்னும் மேலே ஏற்றி மார்போடு அழுத்திக்கொண்டார். ஒரு கையை விடுவித்தால் என்னை எட்டிப் பிடித்திருக்கலாம். அவர் விடுவிக்கவில்லை.

"நடுவுல கை வெக்காதீங்கம்மா, மொத்தமா ஒடச்சுக்கிட்டுப் போயிரும்" என்று பாய் கீழிருந்து சொன்னார். "ஓரத்துல மேல் சாக்கு மட்டும். ஒரு மூலையத் தூக்குனாப் போதும், மிச்சத்தத் தண்ணியே பாத்துக்கும்."

மூலையைத் தூக்கினேன். விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு வெளியே வந்தது. பிறகு கை அகலம். சாக்கு என் பிடியிலிருந்து தானாகக் கழன்று கீழே புரண்டது. தண்ணீர் அந்த இடத்தில் ஒரு கணம் பழுப்புக் கண்ணாடிபோல வளைந்து, பிறகு சத்தம் போட ஆரம்பித்தது. அந்த ஓடைக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் கேட்டேன். அடுத்த சாக்குக்குப் பாயும் வந்துவிட்டார். "இனி கேஸு வந்தா உங்களோட சேத்து எம்மேலயும் வரட்டும்" என்றார். மேல்வரிசையின் ஓரத்தை மட்டும் எடுத்தோம். ஆடிக்கு முன்பு அணை எவ்வளவு இருந்ததோ அந்த மட்டத்துக்கு மேலிருந்த தண்ணீரெல்லாம் போனது. அதற்குக் கீழே குளம் அப்படியேதான் இருந்தது.

இறங்கிவரும் தண்ணீருக்குள் மீன்கள் முகத்தைக் கொடுத்தன. சில பின்னால் தள்ளப்பட்டன. ஒரு குறவை உடம்பை முறுக்கி, வளைவின்மேல் ஒரு கணம் அசையாமல் நின்று, மேல்பக்கம் போய்விட்டது.

அணைமேல் ஏறி அக்காவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. போகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியா அவர் தோளில் கன்னத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் சேறு. கழுவிட்டு வா" என்றார்.

கீழே இறங்கி, ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் தரவில்லை.

"எங்க போகுது கண்ணு இத்தனையும்?"

"கீழேரிக்குங்க்கா."

"அங்கிருந்து?"

"அது ரொம்புனா அடுத்த ஏரிக்கு."

"அப்பறம்?"

"காவேரிக்கு."

அதற்குப் பிறகும் கேட்பார் என்று காத்திருந்தேன். எனக்குப் பதில் தெரியும், பாடத்தில் படம் போட்டுப் படித்தது. அவர் கேட்கவில்லை. தூறல் வலுத்தது. இனியாவின் தலையைத் தன் சேலை முந்தானையால் மூடினார்.

"குடுங்க்கா" என்றேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம்" என்றார்.

ஈரக் கைகளை நீட்டியபடியே நின்றேன்.